மூன்றாவது பழம்

என் மகனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. கோயம்புத்தூரில் சர்க்கஸ் பார்த்த கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, உன் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலை அரைப் பக்கத்தில் முடித்திருக்கிறாய். கால்சட்டை போட்ட ஒரு மனிதக் குரங்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததாம். ஆட்டுவிப்பவன் மூன்று விரலைக் காட்டினால் கூடையிலிருந்து மூன்று பந்தும், ஐந்து விரலைக் காட்டினால் ஐந்து பந்தும் எடுத்துக் கொடுத்ததாம். "அப்பா, நீங்கள் அழகர்கோவில் குரங்குகளோடு பழகியவர். குரங்குக்கு நிஜமாகவே எண்ணத் தெரியுமா, இல்லை எல்லாம் ஏமாற்று வேலையா?" என்று கேட்டிருக்கிறாய். பட்டியலில் உன் தாய்மாமன் பெயர் இல்லை. அவருடைய இடத்தில் நின்று மாலை போட, உன் அம்மாவின் சித்தப்பா மகனைக் கூப்பிடலாம் என்று ஓரத்தில் குறித்திருக்கிறாய். உன் கேள்விக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தம் உண்டு. அது உனக்குத் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

முதலில் கேள்விக்குப் பதில். அந்தச் சர்க்கஸ் குரங்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆட்டுவிப்பவனின் முகம் எப்போது மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, மாறியதும் எடுப்பதை நிறுத்திக்கொள்கிறதோ என்னவோ. அடுத்த முறை போனால் பந்தைப் பார்க்காதே, அவன் கண்ணைப் பார். ஆனால் நம் மலைக் குரங்குக்கு மூன்று வரை சந்தேகமில்லாமல் தெரியும். அதைக் கோயில் வாசலில் நின்று வேண்டுமானாலும் சொல்வேன். அதற்குத் தெரிந்ததால்தான் எனக்கு வேலை போயிற்று. உன் மாமன் பொய் சொல்லி என் வேலையைக் கெடுத்தார் என்று கேட்டு வளர்ந்தவன் நீ. அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

உனக்கு அப்போது ஏழு வயது. மலையடிவாரத்தில், பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே, உன் மாமன் பிடித்துக் கொடுத்த குடிசையில் இருந்தோம். இரண்டு வருஷம் மழை இல்லை, வயலில் கூலி வேலையும் இல்லை. மாமன் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். அந்த முதலாளிக்கு மூன்று பெண்கள். கடைசிப் பெண்ணுக்கு அம்மை போட்டு, பிழைக்க மாட்டாள் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டபோது அவர் ஒரு வேண்டுதல் வைத்தார். பிள்ளை பிழைத்தால் அழகர்மலைக் குரங்குகளுக்குத் தினமும் வாழைப்பழம். ஒவ்வொரு குரங்குக்கும் பெரியவள் பேருக்கு ஒன்று, நடுப்பெண் பேருக்கு ஒன்று, சின்னவள் பேருக்கு ஒன்று, ஆக மூன்று. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பழம் கொடுக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டபோது மாமன் என் பெயரைச் சொன்னார். "எந்தங்கச்சி வீட்டுக்காரரு முதலாளி, நான் பொறுப்பு" என்றாராம். இந்தப் பேச்சை நீ நினைவில் வைத்துக்கொள்.

தினமும் காலையில் ஒரு வாழைத்தார் வண்டியில் வந்து இறங்கும். தீர்த்தத்துக்கு ஏறும் பாதையில், முதல் திருப்பத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் உண்டு. குட்டிகள் நீங்கலாக இருபத்திரண்டு குரங்குகள். ஆரம்பத்தில் என் தோளில் ஏறி, கூடையைக் கவிழ்த்து, ஒரு நாள் சட்டையையும் கிழித்துவிட்டன. அப்புறம் ஒரு மூங்கில் கம்பு வைத்துக்கொண்டேன். சுவரில் வரிசையாக உட்கார வேண்டும், பழத்தை ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பேன், மூன்றாவது கைக்கு வந்ததும் இறங்கிப் போய்விட வேண்டும். நான்காவதுக்குக் கை நீட்டினால் கம்பைத் தரையில் தட்டுவேன். இரண்டு மாதத்தில் இந்தச் சட்டம் படிந்துவிட்டது. ஒரு நாள் யாரோ வழி கேட்டார்கள் என்று பேசிக்கொண்டே ஒரு கிழட்டுப் பெண்குரங்குக்கு இரண்டைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தேன். பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஒரு காது பிய்ந்துபோன குரங்கு அது, மூளி என்று கூப்பிடுவேன். கையை நீட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவதைக் கொடுத்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கிப் போயிற்று.

இது எண்ணுகிறதா, இல்லை வயிறு நிறைகிற கணக்கா என்று பார்க்க எனக்கு ஆசை வந்துவிட்டது. மறுநாள் பழத்தை உரித்துப் பாதி பாதியாக ஒடித்து மூன்று துண்டு கொடுத்தேன். மூளி மூன்றையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கு மறுநாள், தாரிலேயே பெரிய பழமாகப் பார்த்து இரண்டு கொடுத்தேன். போகவில்லை. ஆக அதற்கு எம்புட்டு என்பது கணக்கில்லை, எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. பிறகு உன் மாமன் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து வைத்தோம். மூளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றில் இரண்டு கடலையும் இன்னொன்றில் மூன்று கடலையும் ஒவ்வொன்றாகப் போட்டோம். உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி தள்ளி வைத்திருந்தோம். நேரே மூன்று இருந்த சிரட்டைக்குப் போனது. மூன்றும் நான்கும் போட்டால் பெரும்பாலும் நான்குக்குப் போனது. நான்கும் ஐந்தும் போட்டபோது குழம்பிவிட்டது, ஒரு தரம் இதற்கும் ஒரு தரம் அதற்கும் போனது. ஆனால் நான்கும் எட்டும் என்றால் யோசிக்கவே இல்லை. நம்மைப் போல் ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறது என்று நான் நினைக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது, எண்ணிக்கை கூடினால் கலங்கிவிடுகிறது. உன் மாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அஞ்சாப்புல பெயிலாப் போயிட்டு இங்க வந்து பள்ளிக்கூடம் வச்சிருக்கீகளே மாப்ள" என்றார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் கடலையும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். அவரைப் போல ஒரு சிநேகிதன் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இனி தப்புக்கு வருகிறேன். நீ காய்ச்சலில் விழுந்து எழுந்து, எலும்பும் தோலுமாக இருந்தாய். "குரங்கு திங்கிற பழத்துல நம்ம புள்ளைக்கு ஒண்ணு கிடைக்காதா" என்றாள் உன் அம்மா. பேச்சுவாக்கில் சொன்னது. முதலாளியிடம் கேட்டிருந்தால் தினமும் ஒரு சீப்பே கொடுத்திருப்பார். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது, எடுக்கக் கூச்சமாக இல்லை. இரண்டு பழம் கொடுத்ததும் கம்பைத் தட்ட ஆரம்பித்தேன். சில குரங்குகள் உடனே புரிந்துகொண்டன. சில முறைத்தன. மூளிதான் விடவில்லை. ஒன்பது நாள் கையை நீட்டிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் அதன் விரல் கணுவில் ஓங்கி ஒன்று வைத்தேன். ஒரு மாதத்தில் மொத்தக் கூட்டமும் இரண்டுக்குப் பழகிவிட்டது. இரண்டாவதை வாங்கியதும் தானாக இறங்கிப் போயின. வீட்டில், மிஞ்சிய பழத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலாளி உத்தரவு என்றேன். உனக்குக் கொண்டுவந்தது போக மீதியை அடிவாரத்துக் கடையில் போட்டேன். உனக்காகத்தான் செய்தேன் என்று உன் தலையில் கட்ட மாட்டேன். முதல் வாரம் உனக்காக. அதற்குப் பிறகு எட்டு மாதம் எனக்காக.

அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை முதலாளி குடும்பத்தோடு வந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு உன் மாமனும் வந்தார். இன்றைக்குப் பெண்களே தங்கள் கையால் கொடுக்கட்டும் என்றார் முதலாளி. இவை இரண்டுக்குப் பழகியவை என்பது எனக்கு நினைவு வந்தது. ஆனாலும் பழத்தைக் கொடுத்தால் வாங்காத குரங்கும் உண்டா என்று தைரியமாக நின்றேன். மூன்று பெண்களும் வயசு வரிசையில் நின்றார்கள். முதல் குரங்குக்குப் பெரியவள் கொடுத்தாள், வாங்கிக்கொண்டது. நடுப்பெண் கொடுத்தாள், வாங்கிக்கொண்டது. சின்னவளுக்கு ஐந்து வயது இருக்கும், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அவள் கையை நீட்டுவதற்குள் குரங்கு சுவரிலிருந்து இறங்கிப் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்ததும் அப்படியே செய்தது. அதற்கடுத்தது மூளி. அக்காக்கள் இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிற்று. நான் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். கீழேயும் போட்டுப் பார்த்தேன். அவை கம்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தன. ஏழெட்டுக் குரங்குகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. "எம்பழத்த மட்டும் வாங்க மாட்டேங்குதும்மா" என்று அழுதது.

முதலாளியின் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "குடுத்த உசுரத் திருப்பிக் கேக்குதா சாமி, எம்புள்ள என்ன பாவம் பண்ணுச்சு" என்று மார்பில் அடித்துக்கொண்டார். மலையேற வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஏதோ குற்றம் இருக்கிறது, அந்தப் பிள்ளை பேரில்தான் இருக்கிறது என்று ஒரு பெண் வாய்கூசாமல் சொன்னாள். என்ன குற்றம், யாருடைய குற்றம் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தாயின் அழுகை நின்றுவிடும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழம் எடுத்ததைச் சொல்வதற்காக மட்டும் இருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அப்படி நின்றேனே, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் மாமன் குரங்குகளைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நம் வீட்டில் தினமும் பழம் இருந்ததை அவர் கண்டவர், இரண்டொன்று தின்றும் இருக்கிறார். சிரட்டை விளையாட்டில் என்னோடு உட்கார்ந்தவரும் அவர்தான். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, அழுகாதீக. சாமி குத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. பாப்பா மேலயும் குத்தமில்ல. இதுகள ரெண்டுக்குத்தான் பழக்கி வச்சிருக்கு. மூணாவதுக்கு நின்னா அடி விழும்னு ஓடுதுக." அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாப்ள, மிச்சத்த நீங்களே சொல்லிருங்க" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளி சத்தம் போடவில்லை. போலீஸுக்கும் போகவில்லை. கிட்டே வந்து, "எந்தப் புள்ளையோட பழத்தய்யா எடுத்த?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் வேறு கதை சொன்னேன். இந்த வேலைக்குத் தன் ஆளைக் கொண்டுவருவதற்காக அவள் அண்ணன் என் மேல் பழி போட்டுவிட்டார் என்றேன். அவள் நம்பினாள். அதன் பிறகு அவர் மூன்று முறை நம் வாசலுக்கு வந்தார். உன் புருஷன் திருடினான் என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. "மாப்ளகிட்டக் கேளு தங்கச்சி" என்று மட்டும் சொல்வார். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்றாவது முறை வந்தபோது பொங்கலுக்கு உனக்கு ஒரு சட்டை கொண்டுவந்தார். நீ அதை வாங்கி வாசலில் எறிந்தாய். எங்கப்பா வேலையைக் கெடுத்தவர் தருகிற சட்டை வேண்டாம் என்றாய். அவர் அதை எடுத்து மண்ணைத் தட்டி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். நீ மறந்திருப்பாய். உன் முடியின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அந்த வேலை யாருக்குப் போயிற்று என்று பார்க்க ஒரு நாள் மரத்து மறைவில் போய் நின்றேன். மாமனேதான் வந்திருந்தார். தான் குடியிருந்த ஒத்தக்கடையிலிருந்து விடியுமுன் சைக்கிளில் வந்து, பழம் கொடுத்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போவார் என்று அடிவாரத்தில் சொன்னார்கள். கையில் கம்பு இல்லை. குரங்கு இரண்டு பழத்தை வாங்கிக்கொண்டு ஓடும். அவர் சுவருக்குக் கீழே குந்திக்கொண்டு மூன்றாவது பழத்தை நீட்டியபடி இருப்பார். கூப்பிட மாட்டார், எறியவும் மாட்டார். கை வலித்தால் கையை மாற்றிக்கொள்வார். ஒன்றும் வராது. பழத்தைச் சுவரில் வைத்துவிட்டு எழுந்து போவார். நான் மனசு கேட்காமல் அடிக்கடி போய்ப் பார்த்தேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் மூளி பாதி வழியில் நின்றது. திரும்பி வந்தது. அவர் கையில் கம்பு இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மூன்றாவதை வாங்கிக்கொண்டது. அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இன்னும் ஒரு மாதம் போனது. அப்புறம் அந்தச் சின்னப் பெண்ணை அழைத்துவந்து கொடுக்க வைத்தார்களாம். இருபத்திரண்டும் வாங்கினவாம். அடிவாரத்துக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வாரமே நாம் திருப்பரங்குன்றத்துக்குக் குடிவந்துவிட்டோம்.

பதினேழு வருஷம் ஆகிவிட்டது. இந்த விறகுக்கடை வேலையில் ஒரு குச்சியைக்கூட நான் கூடுதலாக எடுத்ததில்லை. அதனால் பழைய தப்பு சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாகவில்லை என்பது உன் பட்டியலைப் படித்தபோது தெரிந்தது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ, அதனால் ஒன்று சொல்கிறேன். பெண்டாட்டியிடம் ஒரு பொய் சொல்லி, அவள் அதை நம்பிவிட்டால், தப்பித்தோம் என்று நினைக்காதே. என் பொய்யை நம்பியதற்கு உன் அம்மா கூடப்பிறந்த ஒரே அண்ணனை விட்டுக்கொடுத்தாள். அவள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுததில்லை. பொங்கல் தோறும் வாசல் பக்கமே போகாமல் இருப்பாள், அவ்வளவுதான். நான் அதைப் பார்த்துக்கொண்டே பதினேழு பொங்கல் சாப்பிட்டேன்.

இன்று காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அந்தப் புள்ளைக்கு இப்ப கல்யாணம் ஆயிருக்குமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "அண்ணன் மூணு தரம் வந்துச்சு. மூணு தரமும் கதவச் சாத்துனது நானு" என்றாள். கீரையை அலசி அடுப்பில் வைத்தாள். சோறு போடும்போது, "தம்பி வந்ததும் நானும் அவனும் போயி அண்ணனக் கூப்புட்டு வாரோம். நீங்க வர வேணாம்" என்றாள்.

நீ என் மேல் கோபப்படு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்தாலும் நான் கேட்க மாட்டேன். ஆனால் மாமன் இடத்தில் வேறு ஆளை நிறுத்தாதே. இன்னொரு காரியமும் நீ செய்ய வேண்டும். உன் அம்மாவிடம் எனக்காகப் பேச வேண்டும். நீங்கள் இருவர் மட்டும் போனாலும் அவர் வந்துவிடுவார். தங்கை மேலும் உன் மேலும் அவருக்கு எந்த வருத்தமும் இருந்திருக்காது. வந்து மாலை போட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். ஆனால் மிச்சத்தை நீங்களே சொல்லிருங்க என்று அவர் கேட்டது என்னை. அதை நான் இன்னும் சொல்லவில்லை. நீ வந்து இறங்கிய மறுநாள் மூன்று பேருமாக ஒத்தக்கடைக்கு பஸ் ஏறுவோம். வெற்றிலைத் தட்டை நீ பிடித்துக்கொள். அம்மா முன்னால் போகட்டும். அவள் உள்ளே வந்ததும் அவர் எழுந்து நிற்பார், நீ வந்ததும் உன்னைத் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் வாசலைத்தான் பார்ப்பார். இன்னும் ஒரு ஆள் பாக்கி என்று அவருக்குத் தெரியும். நான் அங்கே இருக்க வேண்டும்.

உன் அப்பா